ஏழரை மணிக் கார்

காலை ஏழரைக்கே வாசலில் கார் ஹாரன் கேட்டதும் சித்தார்த்தன் வாயிலிருந்த பல்பொடியை விழுங்கிவிட்டான்.

வாடகைக் கார் ஓட்டும் சம்பங்கியிடம் அவன் சொல்லியிருந்தது பதினோரு மணி.

பெங்களூரில் விமானம் ஒரு மணிக்கு. தங்கச் சுரங்கக் குடியிருப்பான ஸ்கெலட்டனிலிருந்து அறுபது மைல். சம்பங்கியின் பழைய பிளிமத் கார் மேடு வந்தால் நின்று மூச்சு வாங்கும். பதினொன்றுக்குக் கிளம்பினால் விமானத்தைப் பிடிக்க முடியாது. அதற்காகத்தான் பதினொன்று.

கொழும்பில் அச்சகத்தில் வேலை பார்க்கும் மைத்துனன் ஐந்து பேருக்கும் டிக்கெட் அனுப்பியிருந்தான். பிள்ளைகள் கடலைப் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தான். கார் பேசும் வேலை மட்டும்தான் சித்தார்த்தனுடையது.

பன்னிரண்டு வருடமாக அவன் தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் ஏழாயிரம் அடி இறங்குகிறவன். ஒரு நாளும் பயந்ததில்லை. கேஜ் கயிற்றில் தொங்குகிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது. விமானம் எதில் தொங்குகிறது?

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஷிப்டில் எல்லோரும் நேற்றே கைகுலுக்கி வழியனுப்பிவிட்டார்கள்.

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். லைன் வீடுகள் முழுவதும் வாசலில் நின்றன. எதிர்வீட்டுப் பழனியம்மா ஒரு தூக்குப் புளிச்சோற்றை முன்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“மேல போனப்புறம் ஒரு கடை கண்ணி இருக்காது. புள்ளைங்க பசின்னா இன்னா பண்ணுவ?”

உள்ளே மனைவி லீலா அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு ஈரத் தலையோடு நின்றாள். ஹாரன் சத்தத்தில் அவள் கை நழுவவிட்ட கரண்டி கீழே கிடந்தது. ஊருக்குக் கிளம்புகிற நாளில் இவள் ஏன் மத்தியானச் சமையலைத் தொடங்கினாள் என்று சித்தார்த்தன் யோசித்தான். பிறகு அவனுக்கு வேறு கவலை வந்துவிட்டது.

சட்டையைக் காணோம் என்றான். மூன்றாவது படிக்கும் மூத்தவள் யசோதரா எடுத்து நீட்டினாள். பெட்டிச் சாவியைக் காணோம் என்றான். அது அவள் கழுத்தில் கயிற்றில் தொங்கியது. லீலா தன் பங்குக்குக் கைக்குழந்தைக்கு உடம்பு சுடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். பழனியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஜில்லென்று இருக்கிறது என்று லைனுக்கே கேட்கும்படி அறிவித்தாள். அடுப்பிலிருந்த பருப்பையும் அவளே இறக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

சின்னவன் ஷூ போட்டுக்கொண்டு எப்போதோ காருக்குள் ஏறியிருந்தான்.

எட்டு மணிக்குக் கார் நகர்ந்தது. தெருவே கையசைத்தது.

கோலார் வரை சித்தார்த்தன் டயரையே நம்பியிருந்தான். ஒன்றுகூட வெடிக்கவில்லை. பிளிமத்தும் அன்றைக்கென்று குதிரை மாதிரி ஓடியது.

கோலாரைத் தாண்டியதும் அவனால் பொறுக்க முடியவில்லை. பின்சீட்டுக்குக் கேட்காதபடி சம்பங்கி பக்கம் சாய்ந்தான்.

“நான் உனக்கு எத்தினி மணி சொன்னேன்?”

சம்பங்கிக்கு மெதுவாகப் பேச வராது.

“பதினொண்ணுன்னீங்கண்ணா. அப்பால அண்ணி தனியா வந்து, அவர் சொன்னதை வுட்டுடு, பன்னெண்டுக்கு வா, அவருக்குத் தெரிய வேணாம்னாங்க. இன்னாடா இதுன்னு நான் முழிச்சினு இருந்தேன். சாயங்காலம் பாப்பா டிக்கெட்டை எடுத்துக்கினு ஸ்டாண்டுக்கு வந்திச்சு. ஒரு மணிக்கு பிளேன், ஏழரைக்கு வந்துடுங்க மாமான்னு படிச்சுக் காட்டிச்சு. படிச்ச புள்ள பேச்சைத்தான் கேட்டேன்.”

சித்தார்த்தன் திரும்பிப் பார்த்தான்.

லீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் போய் வெகுநேரம் ஆன பிறகும் அந்தப் பக்கமே பார்த்தாள்.

“உனக்குமா?” என்றான்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

யசோதரா சின்னவனின் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

“பிளேன்ல நான் நடுவுல உக்காந்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கையைப் புடிச்சிக்குங்க.”