லைட் மட்டும் அணைஞ்சா போதும்

கார் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்து. பதினோரு மணிக்கு நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் காரை வாங்குகிறவர் வந்து நிற்பார். அவர் பொறுமைசாலி அல்ல. போன வாரம்தான், கதவில் ஒரு கீறலைப் பார்த்துவிட்டு வேறு யாரோ கொண்டுவந்த காரை வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தார்.

இந்தக் காரிலோ, ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு, புறப்பட்டதிலிருந்து எரிந்துகொண்டே இருந்தது. இதோடு போய் அவர் முன்னால் நின்றால் கதை கந்தல்தான்.

"லைட் மட்டும் அணைஞ்சா போதும்ணே," என்றான் கணவன். "பிரேக்கெல்லாம் நல்லாத்தான் பிடிக்குது."

மெக்கானிக் தோளில் கிடந்த துணியில் கையைத் துடைத்தபடி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்சீட்டில் கட்டியிருந்த குழந்தை நாற்காலியைப் பார்த்தார். பிறகு புருஷன் பெண்டாட்டி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"எவ்வளவு கறக்கலாம்னு பாக்குறான்," என்று மனைவி கணவனின் காதில் முணுமுணுத்தாள். ஆளைப் பார்த்ததும் எடைபோடுவதில் அவள் கெட்டிக்காரி.

"சொந்த வண்டிங்களா?"

"ஆமாண்ணே. எடுத்ததுலேர்ந்து வேற ஒரு கை பட்டதில்ல. குழந்தை மாதிரி வச்சிருக்கேன்."

"பானட்டைத் திறங்க."

கணவன் குனிந்து ஸ்டியரிங்குக்குக் கீழே தடவினான். முதலில் பெட்ரோல் மூடி திறந்தது. அடுத்து டிக்கி. மூன்றாவதாகத்தான் பானட்.

"அவசரம்னா இவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது," என்று மனைவி சமாளித்தாள்.

மெக்கானிக் பிரேக் ஆயில் டப்பாவில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஒரு நூல் இறங்கியிருக்கு. ஆயில் இறங்கினா பிரேக் பேடு தேஞ்சிருக்கும். சக்கரத்தைக் கழட்டணும்."

கழற்றினார். பேடு புதுசு போலத் தடிமனாக இருந்தது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள் மனைவி.

"வெளிப்பக்கம் நல்லாத்தாம்மா இருக்கும். உள்பக்கம்தான் சத்தமில்லாம தேயும்."

உள்பக்கமும் நன்றாகவே இருந்தது. அப்படியானால் எதிர்ச் சக்கரமாக இருக்கும் என்று அதைக் கழற்றினார். பின்பக்கம் பிரேக் டிரம்மைப் பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று பின்சக்கரங்களையும் கழற்றினார். அரைமணி நேரத்தில் கார் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் அந்தரத்தில் நின்றது.

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரேக் விளக்கு எரிந்தால் முதலில் ஹேண்ட்பிரேக்கைப் பார்க்க வேண்டும் என்பது கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கே தெரியும். இந்த மனுஷரோ அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

"முதல்ல ஹேண்ட்பிரேக்கைப் பாக்க மாட்டீங்களா?"

"அதைக் கடைசியில பாத்துக்கலாம்மா. எல்லாம் அவ்வளவு சுலபமா முடிஞ்சா எங்க பொழப்பு என்ன ஆகுறது?"

"ஏங்க, இது பட்டப்பகல் கொள்ளைங்க. இந்த மாதிரி ஆளுங்களையெல்லாம் போலீஸ்ல சொல்லணும்."

"தாராளமாச் சொல்லுங்க," என்று மெக்கானிக் தன் போனையே எடுத்து நீட்டினார்.

மனைவி வாங்கவில்லை. கணவன் அவசரமாக நடுவில் வந்தான். "அவ ஏதோ கோவத்துல பேசுறா, விடுங்கண்ணே. நீங்க வேலையைப் பாருங்க."

எடுத்த போனைச் சும்மா வைப்பானேன் என்று மெக்கானிக் ஷெட்டின் மூலைக்குப் போய்க் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார். "ஸ்பேர் பார்ட்ஸ் சொல்லியிருக்கேன். பத்து நிமிஷத்துல வந்துடும். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். மெக்கானிக் எதிரில் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"வண்டியை விக்கப் போறீங்களோ?"

"மனசே இல்லண்ணே. குழந்தை கேட்டா என்ன சொல்றதுன்னே தெரியலை."

"குழந்தை எங்க இருக்கு?"

"ஸ்கூல்ல," என்றான் கணவன்.

"எங்க அம்மா வீட்ல," என்றாள் மனைவி, அதே நொடியில்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்தா சௌகரியம்தான்," என்றார் மெக்கானிக்.

கணவனின் போன் அடித்தது. வாங்குகிறவர்தான். பதினோரு மணி தாண்டினால் நான் இருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, இவன் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். கணவனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். லைட் எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகுது. சக்கரத்தை மட்டும் மாட்டிக் குடுத்துடுங்க."

"பிரேக் விஷயம் சார். குடும்பத்தோட போற வண்டி. அப்படியே அனுப்ப எனக்கு மனசு வராது."

பத்து ஐம்பதுக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஒருவழியாக ஸ்பேர் பார்ட்ஸ் வந்துவிட்டது என்று மனைவி எழுந்தாள்.

வந்தது போலீஸ் ஜீப். கணவனின் கால்கள் அவனையறியாமல் காரைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தன. சக்கரமில்லாத கார் எங்கே போகும் என்று அங்கேயே நின்றுவிட்டன.

ஜீப்பிலிருந்து இரண்டு போலீஸ்காரர்களும், அழுது முகம் வீங்கிய ஒரு பெண்ணும் இறங்கினார்கள். மெக்கானிக் டயரை விட்டு எழுந்து நேராக அவளிடம் போனார்.

"மூணு வருஷமா இந்த ஹேண்ட்பிரேக் சுவிட்சை மாத்திக் குடுன்னு என் உயிரை எடுத்தியே, மாத்திக் குடுத்திருந்தா நம்ம கார் இப்படி நம்ம ஷெட்டுக்கே திரும்பி வந்திருக்குமா?"