வலது பக்கத்து வலி

"பாக்கெட்ல இருக்கறதை எல்லாம் எடுத்து வெச்சுட்டு உட்காருங்க. அப்பதான் அச்சு சரியா விழும்."

மனைவி சொன்னபடியே பாக்கெட்டுகளைக் காலி செய்து எல்லாவற்றையும் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, ஈர மணல் நிரப்பிய பெட்டியில், பிளாஸ்டிக் தாளுக்கு மேல், முட்டை மீது உட்காருவதுபோலப் பைய உட்கார்ந்தார் கணவர்.

"சிரிக்காதே. நல்ல பைக் சீட்டுக்கு இப்படித்தான் அளவெடுக்கணும்."

"நான் எங்கே சிரிச்சேன்? ஊர் துணிக்கெல்லாம் அளவெடுத்த எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்."

வாய்தான் கேலி பேசியது. உள்ளுக்குள் அவளுக்குத் திக்திக்கென்று இருந்தது. பைக்கில் கொஞ்ச தூரம் போனாலே அவருக்கு வலது இடுப்பிலிருந்து முழங்கால் வரை சுண்டி இழுக்கும். வலி நிற்காவிட்டால் பைக்கை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நாளைக்கு வண்டியை வாங்கப் பார்க்க ஆள் வருகிறது. காலையில் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு தையல் கடைக்குப் போகிற நேரம் ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதுவும் போய்விடுமோ என்று நினைத்தாலே அழுகை வந்தது.

மணலில் விழுந்த பள்ளத்தைப் பார்த்துப் பார்த்து, அவளுடைய சமையலறைக் கத்தியாலேயே அவர் ஃபோமைச் செதுக்கினார். அவள் ரெக்ஸினைத் தைத்துக் கொடுத்தாள். ரெண்டு ஊசி உடைந்தது. சாயங்காலம் புது சீட் வண்டியில் ஏறியது.

"ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்."

"ரொம்ப தூரம் போகாதீங்க."

போனவர் போனவர்தான். அவளுக்கு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தே கால் கடுத்தது. நடுவழியில் வலி வந்து எங்காவது உட்கார்ந்துவிட்டாரோ?

கடைசியில் வண்டிச் சத்தம் கேட்டது. இடுப்பைப் பிடிக்காமல், துள்ளிக் குதிக்காத குறையாக இறங்கினார்.

"ஊரையே சுத்திட்டு வந்துட்டேன். வலி இருந்த இடம் தெரியலை. டாக்டர் மருந்தெல்லாம் எதுக்கு? சூட்சுமம் சீட்ல இருக்கு. நாளைக்கு வர்றவருக்கு போன் பண்ணி, வண்டி விக்கறதா இல்லைன்னு சொல்லிடு."

அவள் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுக்க உள்ளே போனவள், தையல் மெஷின் பக்கத்தில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு போனைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள்.

"ஏங்க, இனிமே பைக்ல போறப்ப உங்க பர்ஸ் என் கைப்பைல இருக்கட்டும்."

"அடிப்பாவி, ரெக்ஸின் தெச்சதுக்குக் கூலியா?"

"அப்படியே வெச்சுக்குங்க."

அவர் பெருமையாகச் சீட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பழைய ரசீதும் அட்டையுமாகச் செங்கல் மாதிரி உப்பிப்போய், இத்தனை வருஷமாக அவருடைய வலது பின்பாக்கெட்டில் குடியிருந்த அந்த பர்ஸ், காலையில் மணலில் உட்காருவதற்காக எடுத்து வைத்த இடத்திலேயே இன்னமும் கிடந்ததை அவள் கடைசிவரை சொல்லவில்லை.