விட்டுப்போன பழக்கம்

அர்ஜுனன் சிகரெட்டை விட்டுவிட்டான் என்றதும் மர்பி டவுனில் அவனைத் தெரிந்தவர்கள் எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள்.

"எப்படிங்க முடிஞ்சுது?" என்று உஷாவே கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அழுதும் சண்டை போட்டும் அவளால் முடியாத காரியம்.

"தெரியலை உஷா. காலைல எழுந்தேன். பாக்கெட் பக்கத்துலயேதான் இருந்துச்சு. எடுக்கணும்னே தோணலை."

"அம்மன் கண்ணத் திறந்துட்டா!" என்று உஷா கோயிலில் பொங்கல் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் கணவர்களுக்காக அவளிடம் யோசனை கேட்டு வந்தார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சில வாரம் கழித்து அர்ஜுனன் பைக்கிலிருந்து விழுந்தான். தலையை ஸ்கேன் எடுத்தார்கள்.

"விழுந்த அடி ஒண்ணும் பெரிசில்லை," என்றார் டாக்டர். "ஆனா இவருக்கு ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்திருக்கே, தெரியாதா?"

"ஸ்ட்ரோக்கா? கை கால் நல்லாத்தானே இருக்கு டாக்டர்!"

"மூளைக்குள்ள இன்சுலான்னு ஒரு மடிப்பு இருக்கும்மா. அங்க சின்னதா அடைப்பு வந்திருக்கு. உடம்பு ஒண்ணுக்கு ஏங்கறது நமக்கு உறைக்கிறதே அது வழியாத்தான். சமீபத்துல ஏதாவது பழக்கம் தானா விட்டுப்போச்சா?"

உஷா அர்ஜுனனின் காலியான சட்டைப்பையைப் பார்த்தாள்.

மாத்திரைகளை வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். புகை அர்ஜுனன் முகத்திலேயே அடித்தது. அவன் பாட்டுக்கு ஆட்டோவைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டானா என்று உஷா ஏங்கினாள்.