பாதிக் கணக்கு

"சூளைச் சூட்டுல தட்டு வளையும், அது எனக்குத் தெரியும். வெளிச்சம் எப்படி வளையும்?" என்று கேட்டான் கொளஞ்சியப்பன்.

கயல்விழி கையிலிருந்த தாளை மடித்தாள். மறுநாள் பெண்ணாடத்தில் அவள் வேலை பார்க்கும் பள்ளியில் அறிவியல் மன்றக் கூட்டம். பேச வேண்டியதை உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பாடம் என்று அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

கல்யாணமான புதிதிலும் இப்படித்தான். அவள் இயற்பியல் டீச்சர். அவன் விருத்தாசலம் செராமிக் பட்டறையில் சூளை பார்ப்பவன். எந்தப் பாடத்தையும் முதலில் அவனிடம்தான் சொல்லிப் பார்ப்பாள். அவனுக்குப் புரிந்துவிட்டால் வகுப்புக்கும் புரிந்துவிடும்.

வெயில் கொளுத்தியது. வராண்டா முழுக்க ஜனங்கள். எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"சூரியன் அவ்வளவு கனம் இல்லிங்களா? தன்னச் சுத்தி இருக்குற வெளியையே அது வளச்சிடுது. பின்னாடி இருக்குற நட்சத்திரத்து வெளிச்சம் சூரியனை ஒட்டி வரும்போது வளைஞ்சிதான் வரும். நட்சத்திரம் கொஞ்சம் தள்ளி இருக்குற மாதிரி நமக்குத் தெரியும்."

"பகல்ல ஏது நட்சத்திரம்?"

"அதுக்குத்தான் முழு கிரகணம் வரணும். அப்ப இருட்டிடும், போட்டோ எடுத்துடலாம். ஐன்ஸ்டைன் முதல்ல ஒரு கணக்கு போட்டு, இவ்வளவு வளையும்னு சொன்னாரு. அதச் சரிபாக்க ஜெர்மனிலருந்து ஒரு குழு ரஷ்யாவுக்குப் போச்சு. கேமரா, கண்ணாடின்னு அத்தனையும் தூக்கிக்கிட்டு."

"பாத்தாங்களா?"

"எங்க பாத்தாங்க! அந்த நேரம் பாத்து உலக யுத்தம் வந்துடுச்சி. எதிரி நாட்டுக்காரங்கன்னு புடிச்சி உள்ள வெச்சிட்டாங்க. கேமராவும் போச்சி."

"அடப்பாவமே. அவ்வளவு தூரம் போயி."

"கேளுங்க. அவரு போட்ட அந்தக் கணக்கே தப்பு. நெசமா வளையறதுல பாதிதான் சொல்லியிருந்தாரு. மீதிய அவரு யோசிக்கவே இல்ல."

கொளஞ்சியப்பன் சட்டைக் கையில் படிந்திருந்த வெள்ளை மண்ணைத் தட்டினான். "அப்ப அன்னிக்கு அளந்திருந்தா?"

"அளந்தது ஒண்ணு, அவரு சொன்னது ஒண்ணுன்னு இருந்திருக்கும். இது சரிப்படாதுன்னு நெறைய பேரு அதோட வுட்டுருப்பாங்க."

"அப்புறம் என்ன பண்ணாரு?"

"திரும்ப உக்காந்து யோசிச்சாரு. அடுத்த வருஷமே வுட்ட பாதியக் கண்டுபுடிச்சிட்டாரு."

"தப்பா இருக்கும்போது யாரும் வந்து அளக்காம இருக்குறதுக்கும் கொடுத்து வெச்சிருக்கணும்" என்றான், தரையைப் பார்த்தபடி.

அவள் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். இப்படி அவன் உட்கார்ந்து கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அவளும்தான் எங்கே சொன்னாள்?

உள்ளிருந்து ஒருவர் வந்தார். "ஐயா இன்னிக்கு லீவு. எல்லாருக்கும் அடுத்த மாசம்தான். போயிட்டு வாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தது. இவர்கள் இருவரும் எழவில்லை.

"அப்புறம் யாருதான் அளந்தாங்க? சொல்லாமயே நிறுத்திட்ட" என்றான் அவன்.

"இங்கிலாந்துக்காரங்க. அது பெரிய கதை."

"பரவால்ல, சொல்லு."

"டீ குடிச்சிக்கிட்டே சொல்றேன், வாங்க" என்று அவள் எழுந்தாள்.

பேசிக்கொண்டே இருவரும் படியிறங்கிப் போவதை, கையில் விவாகரத்துக் கேஸ் கட்டோடு கோர்ட் வாசலில் நின்ற அவளுடைய வக்கீலும் அவனுடைய வக்கீலும் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.