பதினான்காவது கிளிப்

பதின்மூன்று கிளிப்புகள் உள்ளே போய்விட்டன. பதினான்காவது போக மாட்டேன் என்கிறது.

கார்க் கதவின் உள்பக்க அட்டையைத் தோளால் தாங்கிக்கொண்டு கட்டைவிரலால் மறுபடியும் அழுத்தினேன். கிளிப்பின் கால் மடங்கிக்கொண்டது. காலையிலிருந்து இப்படி மடங்கியதில் இது ஆறாவது. சோப்புத் தடவிப் பார்த்தாயிற்று, இடுக்கியால் காலை நெருக்கிப் பார்த்தாயிற்று, ரப்பர் சுத்தியலால் தட்டியும் பார்த்தாயிற்று.

குன்வோர் வருவதற்குள் இது போயாக வேண்டும். போய்விட்டால் அட்டையைக் கழற்றிப் பார்க்கும் அவசியம் யாருக்கும் இருக்காது.

வண்டி ஃபோல்கேயுடையது. அறுபத்து நான்காம் வருட வால்வோ. அவன் காருக்கு அந்தப் பக்கம், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

டிங்கர் வேலையும் வெல்டிங்கும் நான். இருக்கைத் தையலும் கதவு அட்டையும் குன்வோர். எங்கள் வட்டாரத்துப் பழைய வண்டிகளில் பாதி எங்கள் இரண்டு பேர் கையில் மறுபிறவி எடுத்தவை.

மூன்று வாரம் முன்பு, பழைய வண்டிக்காரர்கள் வாராவாரம் கூடும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில், பழைய ரயில் நிலையத்து வாசலில் நாற்பது வண்டிகளுக்கு நடுவே நின்று ஃபோல்கே கேட்டான், தன் கார்க் கதவு ஏன் இன்னும் அம்மணமாக நிற்கிறது என்று. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் கையில் சாஸேஜ் ரொட்டி இருந்தது.

"குன்வோருக்குக் கண்ணு போயிடுச்சுப்பா. அட்டையில ஓட்டையை எங்கயோ போட்டு வச்சிருக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே இரண்டு பேர் தங்கள் கார் இருக்கைகளை அவளிடமிருந்து திரும்ப வாங்கி, வெட்லாண்டா ஊரில் யாரோ ஒருவனிடம் கொடுத்துவிட்டார்கள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேற்று ஃபோன் செய்து, நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன் என்றாள். அவ்வளவுதான்.

என் பட்டறை வாசலில் குன்வோரின் வேன் வந்து நின்றது.

"கண்ணாடி எடுத்துட்டு வந்தியா குன்வோர்?" ஃபோல்கே உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட கேலிதான்.

"ரெண்டு எடுத்துட்டு வந்திருக்கேன். ஒண்ணு உனக்கு."

சொல்லிவிட்டு என் பக்கத்தில் மண்டியிட்டாள். பதின்மூன்று கிளிப்புகளையும் தட்டை நெம்புகோலால் ஒவ்வொன்றாக, ஒன்றுகூட வளையாமல் கழற்றினாள். வேனிலிருந்து கொண்டுவந்த பழைய அட்டையைப் புதியதன் மேல் வைத்தாள். பதினான்கு ஓட்டைகளும் அச்சு அசலாக ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்தன.

பிறகு கதவைக் குனிந்து பார்த்தாள்.

அதன் கீழ் மூலையில் பழைய தகரம் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. பிப்ரவரியில் அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தவன் நான். அதில் துளை போட்டவனும் நான்.

துளைக்குப் பக்கத்தில், பெயிண்டுக்கு மேல், கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது.

'மார்ச் 11. துளை 4 மி.மீ. கீழே இறங்கிவிட்டது. அட்டை வெட்டும் முன் குன்வோரிடம் சொல்ல வேண்டும்.'

என் கையெழுத்து.

மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அன்று கூட்டத்தில் வாயைத் திறந்தபோது அந்த வரி அட்சரம் பிசகாமல் எனக்கு நினைவிருந்தது. நாற்பது வருடமாக அளவு தப்பாதவன் என்று பெயர் எடுத்தவன் நான். நாற்பது பேர் முன்னால் நாலு மில்லிமீட்டரை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பிறகு அதைத் துடைத்திருக்கலாம். அதற்கும் கை வரவில்லை. அட்டை மூடிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அவள் நிதானமாகப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"என்னப்பா, யாரு தப்பு?" காருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஃபோல்கே.

அவன் இருந்த இடத்திலிருந்து எதுவும் தெரியாது. குன்வோர் என்னைப் பார்த்தாள். எனக்காகக் காத்திருக்கிறாள் என்பது புரிந்தது. 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும், அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் ஃபோல்கேயே அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்விடுவான். நான் கையிலிருந்த மடங்கிய கிளிப்பை நிமிர்த்திக்கொண்டிருந்தேன்.

"நாலு மில்லி தள்ளியிருக்கு," என்றாள் அவள். எது தள்ளியிருக்கிறது என்று சொல்லவில்லை.

"அன்னிக்கே இவன் சொன்னான்," என்றான் ஃபோல்கே.

அவள் கத்தியை எடுத்து, சரியாக இருந்த தன் அட்டையில், தப்பாக இருந்த என் துளைக்கு நேராகப் புது ஓட்டை வெட்டினாள். ஐந்து நிமிட வேலை. பிறகு மார்க்கருக்காகக் கையை நீட்டினாள்.

எங்களிடம் அது வழக்கம். மூடுவதற்கு முன், மறையப்போகிற தகரத்தில், வேலை செய்தவர் பெயரும் தேதியும் எழுதிவைப்போம். முப்பது வருடம் கழித்து அந்தக் கதவைத் திறக்கிறவன் படித்துக்கொள்வான்.

குன்வோர் என் வரிக்குக் கீழே எழுதினாள்.

'சொல்லவில்லை. ஜூன் 2. குன்வோர்.'

மார்க்கரை மூடி என் சட்டைப் பையில் செருகிவிட்டு எழுந்தாள்.

"என்ன எழுதறா?" என்றான் ஃபோல்கே.

"கையெழுத்துதான்," என்றேன்.

அட்டையை எடுத்து நானே அதன்மேல் வைத்தேன். பதினான்காவது கிளிப் ஒரே அழுத்தில் உள்ளே போனது.