நிழலில் வாட்டிய இலை

முயல் பண்ணையின் உரிமையாளரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. அவர் எதிரில் ‘முதலாளி’ என்றும், அவர் நகர்ந்த பிறகு ‘சிக்கனம்’ என்றும் மிகுந்த மரியாதையுடன் குறிப்பிடுவார்கள்.

இறைச்சிக்காக வளர்க்கும் முயல்களுக்கு அடர்தீவனம் வாங்கி வாங்கியே பண்ணை மூழ்கிக்கொண்டிருந்தது. மாற்றுத் தீவனம் என்று ஒன்று உண்டு என்பதைக் கண்டுபிடித்தவர் அவருடைய மனைவிதான். காய்கறிச் சந்தை கலைந்த பிறகு, வீசி எறியப்பட்ட முட்டைக்கோஸின் மேல் இலைகளையும் கேரட் தழைகளையும் பொறுக்கி வருவார். ஈரத்தோடு போட்டால் முயலுக்கு வயிறு உப்பிவிடும் என்பதால், கொட்டகைக்குப் பின்னால் நிழலில் பரப்பி வாட்டி, முற்றலைக் கிள்ளி எறிந்த பின்னரே கூண்டில் போடுவார். இந்த மாபெரும் திட்டத்தில் சிக்கனத்தின் பங்கு, நாற்காலியில் அமர்ந்தபடி, “நம்ம யோசனை எப்படி?” என்று வருவோர் போவோரிடம் கேட்பது.

முயல்கள் பிழைத்தன, எடைதான் ஏறவில்லை. கசாப்புக் கடைக்காரர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, துக்கம் விசாரிப்பவர் போலத் தலையை ஆட்டிவிட்டுத் திருப்பி வைத்துவிடுவார். அடுத்த ஈற்றுக் குட்டிகளாவது கொழுக்காவிட்டால், கொட்டகையைப் பிரித்து விற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்போதுதான் சமையற்காரர் வந்தார். பெரிய இடம் ஒன்றில் சில நூறு பேருக்குச் சமைப்பவர். வாங்க வந்தது ஒரு முயல். அவர் கண் நிலைத்ததோ நிழலில் கிடந்த இலைகளின் மேல்.

“இந்த இலையை எனக்குக் குடுத்துடுங்க, முதலாளி. எங்க ஸ்டோர்ல இருக்கிற கேரட், பீன்ஸ், கடலை எல்லாம் மூட்டையா தந்துடறேன். எனக்குன்னு வாரம் ஒரு முயல் போதும்.”

“இலையை வச்சு என்ன பண்ணுவீங்க?”

“சமைப்பேன்.”

“சாப்பிடறவங்க கேக்க மாட்டாங்களா?”

“கேப்பாங்க. கேட்டுட்டு எங்க போயிடப் போறாங்க?”

சிக்கனம் வயிறு குலுங்கச் சிரித்தார். கதவோரம் நின்றிருந்த மனைவி சிரிக்கவில்லை.

“வேணாங்க. அடுத்தவங்க சோத்துல கை வைக்கிறது பாவம். ஒரு நாளைக்கு மாட்டிக்குவீங்க.”

“பாவ புண்ணியம் பாத்தா முயல் வளக்க முடியுமா? போ, போய் இலையைக் கட்டு.”

அவர் போய் இலையைக் கட்டினார்.

அன்று முதல், பொழுது புலர்வதற்குள் சிக்கனமே மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு அந்தப் பெரிய இடத்தின் பின்வாசலுக்கு இலை மூட்டையுடன் போவார். கேரட் மூட்டையுடன் திரும்புவார். உழைப்பதில் அவருக்கு இருந்த நெடுநாள் கூச்சம் எப்படியோ அகன்றுவிட்டது. முயல்கள் கொழுத்தன. கசாப்புக் கடைக்காரர் இப்போது இரண்டு கைகளாலும் தூக்கினார். குறைந்த செலவில் முயல் வளர்ப்பது குறித்துப் பயிற்சி வகுப்பு ஒன்றில் உரையாற்றவும் சிக்கனம் அழைக்கப்பட்டார். கேரட்டைப் பற்றி மூச்சு விடாமல், எல்லாம் மல்பெரி இலையின் மகிமை என்று அடக்கத்துடன் கூறி அமர்ந்தார்.

மனைவி மட்டும் மாறவில்லை. “எனக்கு மனசே சரியில்லைங்க” என்பதையே தினமும் பல்லவியாகப் பாடினார். சமையற்காரர் முயல் வாங்க வரும்போதெல்லாம் அவரையும் விடாமல், கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தி வைத்து வெகுநேரம் நியாயம் பேசினார்.

“வீட்டம்மா ரொம்ப நல்ல மாதிரி, முதலாளி” என்று சமையற்காரர் தலையைச் சொறிந்தார்.

“அது ஒரு பைத்தியம். நீங்க கண்டுக்காதீங்க.”

ஒரு நாள் காலையில் இன்ஸ்பெக்டர் வந்தார். கூண்டுக்குக் கூண்டு கேரட் கிடந்தது. முயல்கள் தங்களால் இயன்ற வேகத்தில் தடயத்தை அழித்து உதவிக்கொண்டிருந்தன. ஆயினும் மிச்சம் நிறைய இருந்தது.

“சார், யாரு சொன்னது உங்களுக்கு?”

இன்ஸ்பெக்டர், கதவோரம் நின்றிருந்த மனைவியின் பக்கம் திரும்பினார். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க. மனசாட்சி உறுத்திச்சு.”

“அடிப்பாவி, இலையைக் கட்டிக் குடுத்தவளே நீதானே.”

“யாரோ மாடு வச்சிருக்கிறவங்களுக்குன்னு நினைச்சுத்தாங்க கட்டினேன்.”

வழக்கு விரைவாகவே முடிந்தது. பின்வாசல் வழியாக வந்து சிக்கனம் ஒருவரே திருடியதாகவும், தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கிடைத்த இலையைப் போட்டுத் தாம் சமைக்க நேர்ந்ததாகவும் சமையற்காரர் குரல் தழுதழுக்கச் சாட்சி சொன்னார். அவருடைய பொறுப்புணர்வையும், கணவர் என்றும் பாராத மனைவியின் நேர்மையையும் நீதிபதி பாராட்டினார். சிக்கனத்தைப் பாராட்ட ஒன்றும் இல்லாததால் ஆறு மாதம் விதித்தார்.

அதுவரை அந்தப் பெரிய இடத்தின் பின்வாசலை மட்டுமே அறிந்திருந்தவர், முதன்முறையாக முன்வாசல் வழியாக, இருபுறமும் காவலர்கள் துணைவர, உள்ளே அழைத்துச் செல்லப்பட்டார். சிறைச்சாலை, அவர் நினைத்திருந்ததைவிட விசாலமாகவே இருந்தது.

மதிய உணவுக்குத் தட்டை ஏந்தி வரிசையில் நின்றார். கரண்டியுடன் எதிரே நின்றவர் அதே சமையற்காரர். தட்டில் விழுந்தது, வெந்தும் வேகாத முட்டைக்கோஸின் மேல் இலை.

சிக்கனத்துக்கு இரத்தம் கொதித்தது.

“யோவ், நான்தான் உள்ள வந்துட்டேனே. இன்னும் எதுக்குய்யா இலை? கேரட் எல்லாம் எங்க போகுது?”

சமையற்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பழைய மரியாதை சற்றும் குறையாமல் குனிந்து, காதோடு சொன்னார்:

“தைரியமா சாப்பிடுங்க, முதலாளி, நீங்க சாப்பிடுவீங்கன்னு வீட்டம்மா முத்தலை எல்லாம் கிள்ளிட்டு, நிழல்ல நல்லா வாட்டித்தான் அனுப்பறாங்க, வயிறு உப்பாதாம்.”