எஃப் ஏழு பொத்தான்

"வேகம் கூட்டும் ஆப்டிமைசேஷனை அணைப்பவருக்கு இங்கே வேலை இல்லை." இராஜபாளையம் பேண்டேஜ் கம்பெனியில் 1993-ல் இப்படி நோட்டீஸ் ஒட்டியவர் கம்ப்யூட்டர் மேனேஜர் சோலைராஜ். ஆனால் அந்த வசதியைப் போட்டுவைத்தால், புரோகிராமர் மெகராஜ் சரக்கு இருப்புக் கணக்குக்காக எழுதிய ஸ்டாக் புரோகிராமைப் பாதி படிப்பதற்குள், அதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் செத்துப்போகும்.

அதனால் மெகராஜ் தினமும் முன்னதாகவே வந்து, எஃப் ஏழு பொத்தானை அமுக்கி அதை அணைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவாள். இருந்தும் பத்து மணிக்குக் கம்பைலர் படுத்துவிடும்.

"சனிக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார் முதலாளி.

வெள்ளிக்கிழமை காலை, பாட்டிலை மறந்து பாதியில் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய கம்ப்யூட்டரில் சோலைராஜ் அதே பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"சார்!"

அவர் பதறிப்போனார். "யார்ட்டயும் சொல்லிராதம்மா. அதை அணைச்சாத்தான் ஓடும்னு மதுரைல ஒருத்தர் சொன்னாரு. தெனமும் காலைல ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போயிருவேன்."

"நானுந்தான் தெனமும் அமுக்குதேன் சார். ஒரு அமுக்குக்கு அணையும், மறு அமுக்குக்குத் திரும்ப வந்துரும். ஸ்கிரீன்ல ஆஃப்னு போட்டிருந்ததப் பாக்கலையா?"

"அதையெல்லாம் யாரும்மா படிக்கா?"

அவர் கண்ணெதிரேயே இன்னொரு தடவை அமுக்கினாள். கம்பைலர் கடைசிவரை ஓடி முடித்தது.

"இனிமே நீங்க கம்ப்யூட்டர் பக்கமே வராதீங்க சார்."

"வராம எப்படிம்மா? நான்தானே கம்ப்யூட்டர் மேனேஜர்!"